ஆறு பெண்களுக்கு ஒருத்தி: பேய்ப் படங்களில் யாருடைய அலறல் கேட்டது?

1933இல் வெளிவந்த 'கிங் காங்' படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அதன் கதை தெரியும். ராட்சதக் குரங்கு, அதன் உள்ளங்கைக்குள் அடங்கிய பொன்னிறக் கூந்தல் பெண், எம்பயர் ஸ்டேட் கட்டடம், சுற்றிச் சுற்றிச் சுடும் விமானங்கள். அந்தப் பெண் பாத்திரத்தின் பெயர் ஆன் டாரோ. நடித்தவர் ஃபே ரே. அதே படத்தில் இன்னொரு பெண்ணும் வருகிறாள். அவளை யாருக்கும் நினைவிருக்காது.

கப்பலில் வந்த வெள்ளையர்கள் தீவில் கால் வைக்கும்போது அங்கே ஒரு சடங்கு நடந்துகொண்டிருக்கிறது. கறுப்பினப் பெண் ஒருத்திக்கு மாலை சூட்டி, காங்குக்கு மணப்பெண்ணாக அனுப்பத் தயார் செய்கிறார்கள். கதைக்குள் சினிமா இயக்குநராக வரும் கார்ல் டென்ஹாம் என்ன செய்கிறார்? கேமராவை வைத்துப் படம் பிடிக்கத் தொடங்குகிறார். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று கப்பலில் வந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குள் தீவின் தலைவன் ஆனைப் பார்த்துவிடுகிறான். என் பெண்கள் ஆறு பேரைத் தருகிறேன், அந்தப் பொன்னிறப் பெண்ணைக் கொடுங்கள் என்று பேரம் பேசுகிறான்.

பேரம் படியவில்லை. அன்றிரவே ஆனைக் கடத்திப்போய்க் கட்டிவைக்கிறார்கள். அப்போதுதான் அலறல் கேட்கிறது. அப்போதுதான் துப்பாக்கியும் வெடிகுண்டும் மீட்புப் படையும் வருகின்றன. மாலை சூட்டப்பட்ட அந்தப் பெண் அதோடு கதையை விட்டுப் போய்விடுகிறாள். அவளுக்கு முன்னால் எத்தனை பேர் அந்தப் பெரிய கதவுக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள் என்று படத்தில் எவரும் கேட்பதில்லை.

பேய்ப் படங்கள் நம்மைப் பயமுறுத்துகின்றன என்று சொல்கிறோம். அவை இன்னொரு வேலையும் செய்கின்றன. யாருக்காகப் பயப்பட வேண்டும், யாருக்காகப் பயப்படத் தேவையில்லை என்று நமக்குப் பாடம் எடுக்கின்றன. ஹாலிவுட்டின் கறுப்பு வெள்ளைத் திகில் படங்களையும் அவற்றின் நடிகைகளையும் இந்தக் கோணத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஓர் அலறலின் விலை

ஃபே ரே மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. கனடாவில் பிறந்து, பதின்வயதில் ஹாலிவுட்டுக்கு வந்து, கிடைத்த வேலையைச் செய்த உழைப்பாளி அவர். அவருடைய இயற்கையான கூந்தல் நிறம் அடர்ந்த பழுப்பு. 'கிங் காங்' படத்துக்காக அவர் தலையில் பொன்னிற விக் வைக்கப்பட்டது. கறுத்த காட்டுக்கு எதிரே வெளுத்த பெண் தனித்துத் தெரிய வேண்டும் என்பதே கணக்கு. படத்தில் நாம் கேட்கும் அலறல்களை ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாக நின்று அலறிக் கொடுத்தார். 'திகில் படங்களின் அலறல் ராணி' என்ற பட்டம் அவரை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது. அந்தப் பட்டத்துக்குள் ஆணாதிக்கமும் இருக்கிறது. கதாநாயகியின் வேலை அலறுவதும் மயங்குவதும் ஓர் ஆணால் மீட்கப்படுவதும்தான்.

ஆனால் அந்த வேலைக்கும் ஒரு தகுதி தேவைப்பட்டது. அலறினால் யாராவது ஓடிவர வேண்டிய உடலாக அது இருக்க வேண்டும்.

அதே படத்தில் தீவுவாசிப் பெண்ணாக வந்தவர் எட்டா மெக்டேனியல். பின்னாளில் ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹேட்டி மெக்டேனியலின் அக்கா. படத்தில் எட்டாவின் பெயர் போடப்படவில்லை. ஆறு பெண்களைத் தருகிறேன் என்று பேரம் பேசும் தலைவனாக நடித்தவர் நோபிள் ஜான்சன். 1916இல் தொடங்கப்பட்ட லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவர். கறுப்பின மக்களைக் கண்ணியமாகக் காட்டவென்று கறுப்பினத்தவர்களே நடத்திய முதல் படநிறுவனங்களில் அது ஒன்று. அப்படிப்பட்டவருக்கு ஹாலிவுட் கொடுத்த வசனம், தன் இனத்துப் பெண்களுக்கு விலை பேசுவது.

உழைப்பாளி எப்படிப் பிசாசு ஆனான்

இன்று ஜாம்பி என்றால் மனித மாமிசம் தின்னும் பிணம். இந்தச் சொல் உலகச் சினிமாவுக்கு வந்தது ஹைத்தியிலிருந்து. அங்கே அதன் பொருள் வேறு. ஹைத்தி மக்கள் ஜாம்பி தங்களைக் கடித்துவிடும் என்று பயப்படவில்லை. தாங்களே ஜாம்பி ஆகிவிடுவோமோ என்றுதான் பயந்தார்கள். செத்த பிறகும் விடுதலை இல்லாமல், சொந்தச் சித்தம் பறிக்கப்பட்டு, வேறொருவனின் வயலில் காலகாலமாக உழைத்துக்கொண்டிருப்பது. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாகச் செத்து மடிந்த ஒரு சமூகத்தின் அச்சம் அது. அந்தச் சமூகம்தான் 1791இல் கிளர்ந்தெழுந்து, 1804இல் தன்னை விடுதலை பெற்ற நாடாக அறிவித்தது.

1915இல் அமெரிக்கப் படை ஹைத்தியை ஆக்கிரமித்தது. 1934 வரை அங்கேயே இருந்தது. சாலை போட மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தது. இந்த ஆக்கிரமிப்புக் காலத்தில்தான் வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கர் ஹைத்தி போய்த் திரும்பி 1929இல் ஒரு பயண நூல் எழுதினார். ஜாம்பி என்ற சொல் அமெரிக்காவில் பரவியது. 1932இல் 'வொயிட் ஜாம்பி' வந்தது. முதல் முழுநீள ஜாம்பி படமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்.

அதில் ஒரு காட்சி. சர்க்கரை ஆலை. ஜாம்பிகள் கரும்புக் கூடைகளைச் சுமந்து வரிசையாக வந்து அரவை எந்திரத்தில் கொட்டுகிறார்கள். ஒருவன் தடுமாறி அதற்குள் விழுகிறான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எந்திரம் நிற்கவில்லை. ஆலை முதலாளியாக வரும் பெலா லுகோசி தன்னிடம் வந்த தோட்ட முதலாளியிடம், இவர்கள் நேரம் காலம் பார்க்காமல் உழைப்பார்கள், உன் தோட்டத்துக்கும் இப்படி ஆட்கள் உதவுவார்கள் என்கிறான். அடிமை உழைப்பின் முழு வரலாறும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

படமோ அந்த ஆலையைப் பற்றியதல்ல. கல்யாணம் செய்துகொள்ள ஹைத்திக்கு வந்த மேட்லின் என்ற வெள்ளைப் பெண் ஜாம்பி ஆக்கப்படுகிறாள். நடித்தவர் மேட்ஜ் பெல்லாமி. அவளை மீட்பதுதான் கதை. படத்தின் பெயரையே பாருங்கள்: 'வெள்ளை ஜாம்பி'. கறுப்பு ஜாம்பி செய்தி ஆகாது, அது அன்றாடம். வெள்ளைப் பெண்ணுக்கு நேர்ந்தால்தான் அது திகில். ஒரு மக்களின் துயரத்திலிருந்து பிறந்த சொல்லை எடுத்து, அந்த மக்களையே பின்னணிப் பொம்மைகளாக்கி, அந்தத் துயரத்தை இன்னொருத்தியின் உடலில் ஏற்றி விற்றார்கள்.

வெள்ளையாகத் தெரிந்த கறுப்புப் பெண்

ஃபிரெடி வாஷிங்டன் 1903இல் ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் பிறந்தவர். பார்த்தால் வெள்ளைப் பெண் என்றே எவரும் நினைப்பார்கள். அப்படியே சொல்லிக்கொண்டு வாழ்ந்திருந்தால் பெரிய நட்சத்திரமாகியிருக்கலாம். அவர் மறுத்தார். நான் கறுப்பினப் பெண் என்று கடைசிவரை சொன்னார்.

ஹாலிவுட்டுக்கு இது பெரும் சிக்கல். அன்றைய படத் தணிக்கை விதி வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான பாலுறவைத் திரையில் தடை செய்தது. 1934இலிருந்து அந்த விதி கறாராக அமலானது. இதனால் வெள்ளைக் கதாநாயகனுக்கு இவர் ஜோடியாக முடியாது. கறுப்பினக் கதாநாயகனோடு நின்றால் வெள்ளைப் பெண்போல் தெரிகிறார். 1933இல் 'தி எம்பரர் ஜோன்ஸ்' படத்தில் பால் ராப்சன் இவரை அணைக்கும் காட்சி சிக்கலானது. பார்ப்பவர்கள் தவறாக எண்ணிவிடுவார்கள் என்று இவருக்குக் கறுப்பு மை பூசி நடிக்க வைத்தார்கள்.

அவர் கதாநாயகியாக நடித்த திகில் படம் 1936இல் வந்த 'ஊவங்கா'. ஜமைக்காவில் எடுக்கப்பட்டது. கலப்பின வம்சாவளியில் பிறந்த கிளீலி என்ற தோட்ட உரிமையாளராக நடித்தார். பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரன் ஆடமைக் காதலிக்கிறாள். அவனோ ஈவ் என்ற வெள்ளைப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். ஆதாம், ஏவாள் என்று பெயர் வைத்திருப்பதிலிருந்தே கதைக்கு யார் சொந்தக்காரர்கள் என்று தெரிந்துவிடும். கிளீலி சூனியத்தைக் கையில் எடுக்கிறாள், செத்தவர்களை எழுப்புகிறாள். கடைசியில் அவளைக் கொல்வது தோட்டத்துக் கங்காணி. கதைப்படி அவன் கறுப்பினத்தவன்; நடித்தவர் ஷெல்டன் லெனர்ட் என்ற வெள்ளையர். கிளீலியின் தோல் வெளுப்பு, அவளுக்குச் சொத்து இருக்கிறது, படிப்பு இருக்கிறது. 'ரத்தம்' மட்டும் வேறு. அந்த ஒரு காரணத்துக்காக அவள் பிசாசாகிறாள்.

இதைப் படிக்கும் நமக்கு அகராதி தேவையில்லை. தோலைப் பார்த்துச் சாதி கண்டுபிடிக்க முடியாத ஊரில்தான் நாமும் வாழ்கிறோம். பிறப்பு தெரிந்த நிமிடத்தில் எதிரில் நிற்பவரின் முகம் மாறுவதை நாமும் பார்த்திருக்கிறோம்.

ஃபிரெடி அங்கேயே நின்றுவிடவில்லை. 1937இல் நியூயார்க்கில் உருவான கறுப்பின நடிகர் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரானார். அதன் நிர்வாகச் செயலாளராக இருந்தார். 'பீப்பிள்ஸ் வாய்ஸ்' என்ற ஹார்லெம் செய்தித்தாளில் நாடகம், சினிமா பற்றி எழுதினார். திரையில் கிடைக்காத வசனத்தைத் தானே எழுதிக்கொண்டார் என்று சொல்லலாம்.

தனித் தியேட்டர், தனிப் படம்

கறுப்பினத்தவர்கள் பல ஊர்களில் தனித் தியேட்டரிலோ மேல்மாடத்திலோதான் படம் பார்க்க முடிந்த காலம் அது. அவர்களுக்கென்றே குறைந்த செலவில் தனிப் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றிலும் பேய்ப் படங்கள் உண்டு.

நைனா மே மெக்கின்னி 1929இல் 'ஹாலலூயா' படத்தில் கதாநாயகியாக நடித்தார். எம்.ஜி.எம். நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் கறுப்பினக் கதாநாயகிக்குத் தர அவர்களிடம் வேடம் இல்லை. அவர் ஐரோப்பாவுக்குப் போய்ப் பாடி, ஆடிப் பிழைத்தார். 1939இல் 'தி டெவில்ஸ் டாட்டர்' படத்துக்காக ஜமைக்கா வந்தார். நடித்தவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர்கள். ஹார்லெமிலிருந்து வரும் சிஸ்டர் வாழைத் தோட்டத்துக்கு உரிமை கொண்டாடுகிறாள். அவளை விரட்ட, அங்கேயே இருந்து தோட்டத்தைக் கவனித்த இன்னொரு சகோதரி சூனியம் இருப்பதுபோல் நாடகம் ஆடுகிறாள். மேளம், தீ, மந்திரம் எல்லாம் நிலத்துக்கான சண்டை. பேய் என்பது இங்கே ஓர் ஆயுதம். அதை ஏவுபவளுக்கு ஒரு நியாயமும் இருக்கிறது.

1940இல் வந்த 'சன் ஆஃப் இன்காகி' இன்னும் முக்கியமானது. முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள் நடித்த முதல் திகில் படங்களில் ஒன்று. திரைக்கதை எழுதியவர் ஸ்பென்சர் வில்லியம்ஸ், அவரும் கறுப்பினத்தவர். பெயரைப் பாருங்கள். 1930இல் 'இன்காகி' என்று ஒரு படம் வந்து வசூலைக் குவித்தது. ஆப்பிரிக்கப் பெண்கள் கொரில்லாவோடு வாழ்வதாகக் காட்டிய போலி ஆவணப்படம் அது. அந்த அவமானத்தின் பெயரையே தலைப்பில் வைத்துக்கொண்டு வில்லியம்ஸ் எழுதிய கதையில் யார் இருக்கிறார்கள்? ஹெலன் ஜாக்சன் என்ற கறுப்பின மருத்துவர். நடித்தவர் மேடை நாடகத்தில் நீண்ட அனுபவம் கொண்ட லாரா போமன். ஆப்பிரிக்கா போய் வந்தவர், வீட்டு நிலவறையில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர், புதுமணத் தம்பதிக்குத் தன் வீட்டையே உயில் எழுதிவைப்பவர். அவரிடம் ஒரு குரங்கு மனிதனும் இருக்கிறான், அவனாலேயே சாகிறார். செலவில்லாமல் எடுத்த படம், தொழில்நுட்பம் சுமார்தான். ஆனாலும் வயதான கறுப்பினப் பெண் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் காட்சியை அன்றைய பெரிய ஸ்டுடியோ எதுவும் யோசித்திருக்காது. ஃபிராங்கன்ஸ்டைன் வகையறாக்களின் விஞ்ஞானி நாற்காலியில் ஒருமுறை அவர் உட்கார்ந்துவிட்டார்.

வேலைக்காரியின் கண்

தெரசா ஹாரிஸ் 1906இல் டெக்சாஸின் ஹூஸ்டனில் பிறந்தார். பாடுவார், ஆடுவார், நடிப்பார். ஹாலிவுட் அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் ஒரே வேடம்: வேலைக்காரி. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் கதாநாயகி சிமோன் சிமோன் சிறுத்தையாக மாறுவோமோ என்று தவிக்கிறார். தெரசா உணவகப் பணிப்பெண்ணாக வந்து போகிறார்.

அடுத்த ஆண்டு, அதே தயாரிப்பாளர் வால் லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் 'ஐ வாக்ட் வித் எ ஜாம்பி' எடுத்தார்கள். கரீபியத் தீவு ஒன்றில் கரும்புத் தோட்ட முதலாளியின் மனைவிக்குச் சித்தம் போய்விடுகிறது. அவளைக் கவனிக்க பெட்சி என்ற வெள்ளைச் செவிலியர் வருகிறார். நடித்தவர் பிரான்சஸ் டீ. வீட்டு வேலைக்காரி ஆல்மாவாகத் தெரசா ஹாரிஸ்.

இந்தப் படம் 'வொயிட் ஜாம்பி' மறைத்ததைப் பேசுகிறது. தோட்டத்துக்குப் போகும் வழியில் கறுப்பின வண்டிக்காரர், எங்கள் மூதாதைகளைக் கப்பலின் அடியில் சங்கிலியால் கட்டிக் கொண்டுவந்தார்கள் என்கிறார். அழகான இடத்துக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்கிறார் பெட்சி. நீங்கள் சொன்னால் சரி என்று மரியாதையாக முடித்துக்கொள்கிறார் வண்டிக்காரர். அந்த மரியாதைக்குள் எவ்வளவு கோபம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிலை நிற்கிறது. அடிமைக் கப்பலின் முகப்பில் இருந்த சிலை அது. முதல் இரவில் பெட்சிக்கு அழுகைச் சத்தம் கேட்கிறது. பேயா? இல்லை. ஆல்மா அழுகிறாள். அவள் சகோதரிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. தலைமுறைகளாக வாழ்க்கையே பாரமாகிப்போன சனங்கள், குழந்தை பிறந்தால் அழுவார்கள், சாவைக் கொண்டாடுவார்கள் என்று முதலாளி விளக்கம் சொல்கிறார். விளக்கம் முதலாளியின் வாயில்தான் வருகிறது. ஆனாலும் அழுகை ஆல்மாவுடையது. இந்த வகைப் படங்களில் கறுப்பினப் பெண்ணின் குரல் இருட்டில் கேட்டு, அதற்குக் காரணமும் கேட்கப்பட்ட அரிதான இடம் அது.

நோயாளியை அலங்கரிப்பது ஆல்மா. ஊர்ச் சனங்களின் பூசாரியால் குணமாக்க முடியும் என்று பெட்சியிடம் சொல்வதும், அங்கே போக வழி காட்டுவதும் ஆல்மாதான். அந்த வீட்டின் ரகசியம் அத்தனையும் அவளுக்குத் தெரியும். முதலாளி வீட்டை முழுதாக அறிந்தவர்கள் எப்போதும் அதைக் கூட்டித் துடைப்பவர்கள்தானே! சில காட்சிகளிலேயே தெரசா இதை உணர்த்திவிடுகிறார். அவர் முகத்தில் பணிவு இருக்கிறது, பயம் இல்லை. போஸ்டரின் பெரிய எழுத்துகளில் அவர் பெயர் வரவில்லை. 2011இல் லின் நாட்டேஜ் என்ற கறுப்பின நாடகாசிரியர் தெரசாவின் வாழ்க்கையால் தூண்டப்பட்டு 'பை தி வே, மீட் வேரா ஸ்டார்க்' என்ற நாடகம் எழுதினார். அதற்குள் தெரசா இறந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் பக்கத்து அலறல்

1968இல் ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். கறுப்பினத்தவரான டுவேன் ஜோன்ஸ் கதாநாயகன். இரவெல்லாம் ஜாம்பிகளோடு போராடிப் பிழைத்தவனை, காலையில் வரும் துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் கூட்டம் சுட்டுக் கொல்கிறது. பிணத்தைக் கொக்கி போட்டு இழுத்து எரிக்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டில் வந்த அந்த முடிவு இன்றும் உலுக்குகிறது. அந்த வீட்டுக்குள் அடைபட்டவர்களில்கூட ஒரு கறுப்பினப் பெண் இல்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பினத்தவர் வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அங்கிருந்து எடுத்தார்கள். ஃபிரெடியும் நைனாவும் திரைக்கு வந்த அதே காலத்தில்தான் பி.கே. ரோசி மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். தலித் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று சாதி வெறியர்கள் கொதித்தார்கள். அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். அவர் தமிழ்நாட்டுக்கு ஓடிவந்து, நடிகை என்ற அடையாளத்தை மறைத்துக்கொண்டு வாழ்ந்து முடித்தார். அந்தப் படத்தின் பிரதிகூட இன்று இல்லை.

திரையில் கற்ற பாடம் தெருவிலும் நடக்கிறது. 2012இல் டெல்லியில் நடந்த கொடுமைக்கு நாடே வீதிக்கு வந்தது, வந்திருக்க வேண்டியதுதான். 2006இல் கயர்லாஞ்சியில் தலித் குடும்பமொன்றின் தாயும் மகளும் இரண்டு மகன்களும் கொல்லப்பட்டபோது பெரிய ஊடகங்கள் திரும்பிப் பார்க்கவே வாரக்கணக்கில் ஆனது. வழக்கு நீதிமன்றம் போனபோது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. 2020இல் ஹத்ராஸில் பெண்ணின் உடலைக் காவல்துறை இரவோடு இரவாக எரித்தது; கடைசியாக ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவரக்கூட விடவில்லை என்று குடும்பத்தார் கதறினார்கள். களப்பணியில் நான் பார்த்தவரை, பாதிக்கப்பட்ட பெண் புகாரோடு போய் நிற்கும்போது 'என்ன நடந்தது' என்பதற்கு முன்னால் வரும் கேள்வி, 'ஊரா, காலனியா?' என்பதே. அந்தப் பதிலை வைத்துத்தான் அலறலின் அளவு முடிவாகிறது.

இங்கே சொன்ன படங்களில் 'வொயிட் ஜாம்பி', 'தி டெவில்ஸ் டாட்டர்', 'சன் ஆஃப் இன்காகி', 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' ஆகியவற்றை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். படிப்பு வட்டங்களில் சேர்ந்து பாருங்கள். எத்தனை பெண்கள் வருகிறார்கள், அவர்களில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் அலறினால் ஆள் ஓடிவருகிறது, ஆபத்து வந்தபோது கேமரா யார் முகத்தில் நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே பாருங்கள். அடுத்த வாரம் ஒரு தமிழ்ப் பேய்ப் படத்துக்கு இதையே செய்யுங்கள். அதற்கடுத்த வாரம் ஒரு நாள் செய்தித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால், அந்த மாலை சூட்டப்பட்ட பெண் எங்கெல்லாம் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.